பூக்கட்டிப் பார்த்து மருந்து கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி:

மருத்துவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கரில் நெல் சாகுபடி செய்பவன். என் மூத்த மகள் கோழிக்கோட்டில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது, நிபா காய்ச்சல் மறுபடியும் வந்தால் என்ன செய்வது என்று தங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்ததாகவும், புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதிப்பதைப் பற்றியும் அதில் சொன்னதாகவும் கூறினாள். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்ய மாட்டாராம். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லுமாம். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதைப் போல, உயிருக்குப் போராடுகிறவனை வைத்துப் பார்ப்பது பாவமில்லையா? இருக்கிற மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடக் கூடாதா? அதற்குக் கையெழுத்து வாங்குகிற வேலையை என் பெண் செய்யத்தான் வேண்டுமா? அவளை ஊருக்கே அழைத்துக்கொள்ளலாமா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. தங்கள் யோசனை தேவை.

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் முன்பின் அறியாத நோயாளிக்காக ஒரு கவலையும், பெற்ற மகளுக்காக ஒரு கவலையும் இருக்கின்றன. மகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாக அந்த நோயாளியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதே வரிசையில் நானும் பதில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் எப்போது பூக்கட்டிப் பார்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இரண்டு வழிகள் எதிரில் இருந்து, எது நல்லது என்று வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியாமல், மனம் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்போதுதான் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் மடித்துச் சந்நிதியில் வைக்கிறோம். நல்லது இன்னதென்று தெரிந்துவிட்ட காரியத்திற்கு யாரும் பூக்கட்டுவதில்லை. மருத்துவ ஆராய்ச்சியில் குலுக்கலுக்கு உள்ள நிபந்தனையும் இதுவேதான். இரண்டு சிகிச்சைகளில் எது மேலானது என்று மருத்துவ உலகத்திற்கே உண்மையாகத் தெரியாதபோது மட்டும் குலுக்கலாம். ஒன்று மேலானது என்று தெரிந்த பிறகும் குலுக்கினால் அது நீங்கள் சொல்வதைப் போலப் பாவம்தான். எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்கக் கூடாது.

அப்படியானால் மருத்துவரே தன் அனுபவத்தால் ஆளுக்கொரு மருந்தைத் தேர்ந்து கொடுத்துவிட்டு, யார் பிழைத்தார்கள் என்று பின்னால் எண்ணிப் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். இதற்கான விடை உங்கள் வயலிலேயே இருக்கிறது. ஒரு புதிய உரத்தைத் தலைமடை வயலில் போட்டு, பழைய உரத்தைக் கடைமடையில் போட்டால், அறுவடையில் தெரியும் வித்தியாசம் உரத்தினாலா, தண்ணீர் முன்னே பின்னே வந்ததாலா என்று உங்களால் சொல்ல முடியுமா? 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே ஒரே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கலுக்கு விடுவது, மண்ணின் வளமும் மடையின் தூரமும் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இந்த முறையே வயலில் பிறந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1920களில் வகுத்ததை மருத்துவர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகளிலும் தலைமடை, கடைமடை உண்டு. முதல் நாளே வந்தவர் ஒருவர், மூச்சு வாங்கிய பிறகு தூக்கி வரப்பட்டவர் இன்னொருவர். மருத்துவர் தன் மனத்திற்குப் பட்டபடி மருந்து கொடுத்தால், பிழைக்கக் கூடியவருக்கே நல்ல மருந்து போய்ச் சேர்ந்து, பெருமை மருந்துக்குக் கிடைத்துவிடும்.

நிபாவிலேயே இப்படி நடந்தது. அந்த வைரஸ் 1998–99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வெளிப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றபோது, ரிபாவிரின் என்ற மருந்தை 140 பேருக்குக் கொடுத்தார்கள். அதைப் பெறாத 54 பேரோடு ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 32 சதவீதமும் பெறாதவர்களில் 54 சதவீதமும் இறந்திருந்தார்கள். கேட்டவுடன் மனம் நிறைகிற கணக்கு. ஆனால் மருந்து பெறாத அந்த 54 பேர், மருந்து வந்துசேர்வதற்கு முன்பே மருத்துவமனைக்கு வந்தவர்களும் மருந்தை வேண்டாம் என்றவர்களும் ஆவர். மருத்துவர்கள் அந்த நோயைக் கையாளக் கற்றுக்கொண்டதற்கு முந்தைய காலம் அப்படி முன்பே வந்தவர்களுடையது. பின்னாளில் விலங்குகளிடம் சோதித்தபோது ரிபாவிரின் உயிரைக் காப்பாற்றவில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோதும் கையிலிருந்தது அதே ரிபாவிரின்தான். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது உதவுமா என்ற கேள்வி தீர்ந்திருக்கவில்லை. குலுக்காமல், எண்ணாமல், இரக்கத்தால் மட்டும் மருந்து கொடுப்பதில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். இன்றைக்கு இறப்பவர் எதையும் விட்டுச்செல்லாமல் இறக்கிறார். அடுத்த முறை வருபவர் அதே இருட்டில் படுக்கிறார்.

எபோலா என்ற இன்னொரு கொடிய வைரஸ் நோயில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. 1995இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது, நோயிலிருந்து மீண்டவர்களின் இரத்தத்தை ஜான்-ஜாக் முயெம்பேயும் அவருடைய சக மருத்துவர்களும் எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஏழு பேர் பிழைத்தார்கள். ஆனால் அது நோய் தணிந்துகொண்டிருந்த நேரம். ஒப்பிட யாரும் இல்லை. அதனால் உலகம் அதை நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. 2014–16இல் மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் எபோலாவால் இறந்தபோது ஸீமேப் என்ற மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. அதைச் சோதிக்கும் ஆய்வு 2015இல்தான் தொடங்கியது. 200 பேரைச் சேர்க்க எண்ணியிருந்தார்கள். அதற்குள் கொள்ளைநோய் அடங்கிவிட, 72 பேரோடு ஆய்வு நின்றது. சாதாரண சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதமும், ஸீமேப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 22 சதவீதமும் இறந்திருந்தார்கள். மருந்து உதவியது போலத் தெரிந்தது. உதவியது என்று உறுதியாகச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை.

பிறகு 2018இல் காங்கோவின் கிழக்குப் பகுதியில் எபோலா மறுபடியும் வந்தது. சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையான அந்தப் போர்ப் பகுதியில், முயெம்பே தலைமை ஏற்ற ஆய்வில் 681 நோயாளிகள் சேர்ந்தார்கள். அங்கே மருந்தில்லாமல் விடப்பட்டவர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு மருந்துகளில் ஏதேனும் ஒன்று எல்லோருக்கும் கிடைத்தது. எது என்பதைத்தான் குலுக்கல் முடிவு செய்தது. 2019 ஆகஸ்டில் இடைக்கணக்குப் பார்த்தபோது, நம்பிக்கைக்குரியதாக இருந்த ஸீமேப் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருந்தார்கள். வேறு இரண்டு மருந்துகளைப் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே இறந்திருந்தார்கள். உடலில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்து அந்த இரண்டில் ஒன்றைப் பெற்றவர்களில் இறப்பு பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. உடனே குலுக்கலை நிறுத்தி, அந்த இரண்டு மருந்துகளை மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று, கிக்விட்டில் 1995இல் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட எதிர்ப்பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருக்கிற நல்ல மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று 2018இல் நல்ல மனத்தோடு முடிவெடுத்திருந்தால், எல்லோருக்கும் போயிருக்கக் கூடியது ஸீமேப். அதைவிட நல்ல மருந்து பக்கத்து அலமாரியில் இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

இதை எழுதும்போது என் தவறையும் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. 2021 மே மாதத்தில் நான் டெல்டாவின் ஒரு மருத்துவமனையில் கொரோனா வார்டில் பணியாற்றினேன். மீண்டவர்களின் பிளாஸ்மாவை ஏற்றினால் கொரோனா நோயாளி பிழைத்துவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடத்திய ஆய்வு, பிளாஸ்மாவால் இறப்பு குறையவில்லை என்று அதற்கு முந்தைய அக்டோபரிலேயே வெளிவந்திருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். இருந்தும், தாயின் கட்டிலருகே கைகூப்பி நின்ற ஒரு மகனிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல், பிளாஸ்மா வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் கொடையாளியைத் தேடித் திருச்சிக்கும் தஞ்சைக்குமாக இரண்டு நாட்கள் அலைந்தார். இரண்டாம் நாள் இரவு அந்த அம்மாள் இறந்தபோது மகன் பேருந்தில் இருந்தார். அந்த இரண்டு நாட்களும் அவர் தாயின் கண்ணில் படும் தூரத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கலாம். அதை நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன். அதே மாதத்தின் நடுவில் பிளாஸ்மா தேசிய சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தே நீக்கப்பட்டது. தெரிந்த உண்மையை நோயாளியின் குடும்பத்திடம் சொல்லும் திடம் இல்லாவிட்டால், ஆராய்ச்சி செய்தும் பயனில்லை என்று அன்று கற்றுக்கொண்டேன்.

மாறாக, மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொரோனாவுக்கு உதவும் என்பது, இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் தொடங்கிய குலுக்கல் ஆய்வினால் ஜூன் மாதத்திலேயே நிரூபணமாயிற்று. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது 41 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. இந்த இரண்டாவது பாதியை மறந்து ஸ்டீராய்டை வாரி வழங்கியது, கருப்புப் பூஞ்சை நம்மிடையே பெருகியதற்கு ஒரு காரணம்.

இனி, உங்கள் மகளின் வேலைக்கு வருகிறேன். குலுக்கலுக்கு ஒருபோதும் போகாத ஒன்று உண்டு. அது பராமரிப்பு. எந்தச் சீட்டு வந்தாலும், மூச்சுக்குழாயை அடைப்பில்லாமல் வைத்திருப்பதும், ஆக்சிஜன் அளவைப் பார்ப்பதும், வலிப்பு வந்தால் உடனே கட்டுப்படுத்துவதும், உப்பும் நீரும் கணக்காகக் கொடுப்பதும், மூளைக் காய்ச்சலால் நினைவு தப்பிக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும், அவர் காதருகே பேர் சொல்லிக் கூப்பிடுவதும் எல்லோருக்கும் ஒன்றுபோல நடக்க வேண்டும். இது சரியாக இல்லாத வார்டில் எந்தப் புதிய மருந்தையும் சோதிக்கும் தகுதி யாருக்கும் கிடையாது என்பது என் திடமான கருத்து. 2023இல் கோழிக்கோட்டில் நிபா தொற்றிய ஆறு பேரில் இரண்டு பேர் இறந்தார்கள், நான்கு பேர் மீண்டார்கள். பொதுவாக நூற்றுக்கு நாற்பது முதல் எழுபத்தைந்து பேர் வரை கொல்லும் நோய் இது. ஆறு பேரை வைத்து எந்த மருந்தையும் புகழ முடியாது. ஆனால் நோயை உடனே கண்டறிந்து, கவனம் சிதறாமல் பார்த்துக்கொண்ட கைகளை நான் மதிக்கிறேன்.

காங்கோவில் பராமரிப்புக்காகச் செய்த ஒரு காரியம் என் மனத்தை விட்டு அகலவில்லை. நோயாளியை ஒளி ஊடுருவும் சுவர் கொண்ட தனி அறையில் வைத்தார்கள். செவிலியர் வெளியிலிருந்தே சுவரில் பொருத்திய கையுறைக்குள் கைவிட்டு மருந்து ஏற்றலாம். குடும்பத்தார் முகம் பார்த்துப் பேசலாம். கொரோனாவில் நம் ஊர்களில் எத்தனை பேர் முகம் பார்க்காமல், வாய்க்கரிசி போடாமல் பெற்றவர்களை அனுப்பிவைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவரைத் தனிமைப்படுத்துவது வேறு, தனியே விடுவது வேறு. கோழிக்கோட்டு வார்டில் முகம் காட்டும் ஏற்பாடு என்ன என்று உங்கள் மகள் தன் மேலதிகாரிகளிடம் கேட்கட்டும். செவிலியர் கேட்டால்தான் அது திட்டத்தில் ஏறும்.

கையெழுத்தைப் பற்றி. தண்ணீர் கொடுக்கிற கையே படிவத்தையும் நீட்டினால் நோயாளியால் மறுக்க முடியாது. மறுத்தால் கவனிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம் வந்துவிடும். ஆகவே ஒப்புதல் கேட்பவர், அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் செவிலியராக இல்லாமல் ஆய்வுக் குழுவின் வேறொருவராக இருப்பதே முறை. மகள் இதைக் கோரலாம்; தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நினைவு தப்பியவருக்காகச் சட்டப்படியான உறவினர் கையெழுத்திடலாம். நினைவு திரும்பியதும் நோயாளியிடமே மறுபடியும் கேட்க வேண்டும். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வைத் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்; விலகியவருக்கும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. நோயாளிக்குப் புரிகிற மொழியில் இவற்றைச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. கேரளத்தில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் அந்த வார்டுக்கு வரக்கூடும். தமிழ் தெரிந்த ஒரு செவிலியர் பக்கத்தில் இருப்பது அவர்களில் சிலருக்காவது பெரிய ஆறுதலாக இருக்கும்.

நோயே இல்லாத நேரத்தில் எதற்கு இந்த வகுப்பு என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். நிபா ஒரு முறை வந்தால் சில பேர், சில வாரங்கள், அவ்வளவுதான். வந்த பிறகு திட்டம் எழுதி அனுமதி வாங்குவதற்குள் அது போய்விடும். மேற்கு ஆப்பிரிக்காவில் பட்டது அதுதான். நிபாவுக்கு எதிரான ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியை, அதாவது ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்பொருளை, ஆஸ்திரேலியா 2018இலேயே கேரளத்திற்கு அனுப்பியது. அது வந்து சேர்ந்தபோது நோய் தணிந்துவிட்டது. குவீன்ஸ்லாந்தில் ஆரோக்கியமான 40 பேரிடம் அதன் பாதுகாப்பு சோதிக்கப்பட்டிருக்கிறது. நோயாளியைக் காப்பாற்றுமா என்பதை அறிய, ஒரே திட்டத்தை முன்கூட்டி எழுதிவைத்துக்கொண்டு, பல ஆண்டுகளில் வரும் சில சில நோயாளிகளை ஒன்றாகக் கூட்டி எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் மகளின் பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். 2018இல் முதல் நோயாளி இறந்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த முறை நோய் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே தொற்றியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். நோய் தெரிந்து, தனி வார்டும் முகக்கவசமும் முழு உடல் கவசமும் தொடர்பில் இருந்தவர்களின் கண்காணிப்பும் வந்த பிறகு பரவல் நின்றது. ஆபத்து கூடுதலாக இருப்பது பெயர் தெரிந்த நிபா வார்டில் அல்ல. காய்ச்சலும் குழப்பமுமாக வருபவரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அவசரப் பிரிவில்தான். ஆகவே மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது, காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் முகக்கவசத்தோடும் கையுறையோடும் நெருங்குகிறாளா என்பது. கவசத்தைப் போடுவதைவிடக் கழற்றும்போதுதான் தவறு நடக்கும். அருகில் ஒருவர் நின்று வரிசை சொல்ல, கழற்றிப் பழகியிருக்கிறாளா என்றும் கேளுங்கள். ஒரு முறை அவசரத்திற்கு வெறுங்கையோடு ஓடினேன் என்று அவள் சொன்னால், மெச்சாதீர்கள், கோபித்துக்கொள்ளுங்கள்.

அவளை அழைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் யோசனை. ஆறப்போட்டுப் பார்த்தால் உங்கள் மனத்திற்கும் அதுதான் தோன்றும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மருத்துவமனையில் கவசம் போதுமான அளவுக்கு இல்லை என்றோ, பயிற்சி தாளில் மட்டும் நடந்தது என்றோ அவள் சொன்னால், தயங்காமல் வேறு மருத்துவமனை பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பில்லாத இடத்தில் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் செவிலியருக்கும் இல்லை. நோய் வந்து, தொடர்பில் இருந்தவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தால், 21 நாட்கள் எர்ணாகுளம் ரயிலேறி ஊருக்கு வரக் கூடாது. வீட்டில் கல்யாணமோ கருமாதியோ இருந்தாலும் இது மாறாது. உறவுக்காரர்களிடம் நீங்களே முன்னால் நின்று இதைச் சொல்லிவிடுங்கள், அந்தப் பழி அவள் தலையில் விழக் கூடாது. மாலையில் ஒரு வேளை போன் செய்யுங்கள். நோயாளிகளைப் பற்றி அவளாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் துருவ வேண்டாம்.

வைத்தீஸ்வரன் கோயிலிலோ எட்டுக்குடியிலோ அவள் மணிக்கட்டில் கயிறு கட்டி அனுப்பியிருந்தால், வார்டுக்குள் போகும்போது அதைக் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் ஊறும் கயிற்றைச் சுத்தம் செய்ய முடியாது. கையுறையும் அதன் மேல் சரியாக உட்காராது. மோதிரத்துக்கும் வளையலுக்கும் இதேதான். நீங்கள் சொன்னால் அவள் மனம் சங்கடப்படாமல் கழற்றுவாள்.